ஆறு மணிப் பால்

இழுத்துப் பார் என்று நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னேனோ. இல்லை, சொல்லவில்லை. சிரிஞ்சை மாட்டு, உயரத் தூக்கிப் பிடி, பாலை மெதுவாக ஊற்று, தானாக இறங்கும், அவசரப்பட்டு அமுக்காதே, கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயை அலசு, மூடியைப் போடு. இவ்வளவுதான் சொன்னேன். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சை மாட்டுவதற்கும் உயரத் தூக்குவதற்கும் நடுவில் பல் விழுந்த இடம் மாதிரி ஒரு ஓட்டை, நாக்கு அங்கேயே போகிறது. மேட்ரன் அறை வாசலில் போட்டிருக்கும் இரும்புப் பெஞ்சு இது. தினமும் இதன் கீழே மாப் விட்டுத் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை; உட்கார்ந்தால் இவ்வளவு குளிரும் என்று தெரியாது. இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவள், சத்தியகலா, பதினாலாம் பெட் தங்கையனின் மருமகள். நடுவே இரண்டு பேர் உட்காரும் இடம் சும்மா கிடக்கிறது. கிழவர் மேலே ஐ.சி.யூ.வில். பக்கவாதத்தில் விழுங்க முடியாமல் போய், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு அதில் பாலும் கஞ்சித் தண்ணீரும் ஊற்றி உயிரோடு வைத்திருந்த மனிதர். இன்றைக்கு ஆறு மணிப் பால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விட்டது. ஊற்றியது அவள். ஊற்றச் சொன்னது நான். என்னை ஊற்றச் சொன்னது ஜெசிந்தா சிஸ்டர். ஊற்ற வேண்டியதும் ஜெசிந்தா சிஸ்டர். இதில் யார் பெயரை உள்ளே சொல்வார்கள் என்று தெரிவதற்குத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். வெயில் ஜன்னலில் ஏறிவிட்டது, நைட் டியூட்டிக்காரன் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்க வேண்டிய நேரம். கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் மூடினால் அந்த இருமல் கேட்கிறது.

என் சட்டைப் பையின் மேல் ஹவுஸ் கீப்பிங் என்று நூலில் தைத்திருக்கிறது. கூட்ட வேண்டும், துடைக்க வேண்டும், பெட் பேன் எடுக்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் தள்ள வேண்டும், செத்தவர்களைக் கீழே இறக்க வேண்டும். சேர்க்கும்போது ஏஜென்சிக்காரர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்து சேர்ந்தது, யார் வீட்டிலிருந்தோ வாரத்துக்கு ஒன்றாக நம் வீட்டு மூலைக்கு வந்து சேரும் சாமான் மாதிரி. அண்ணே, அந்த டிரிப் முடியப் போகுது, கொஞ்சம் பாத்துக்கோங்க. அண்ணே, அவரை ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வெச்சிடுங்க, கொஞ்சம் பாத்துக்கோங்க. யூரின் பேக்கை அளந்து சொல்லுங்க. சளி கட்டியிருக்கு, மிஷினைப் போட்டு உறிஞ்சிடுங்க, நான் இதோ வந்திடுறேன். இதோ வந்திடுறேன் என்று போனவர்கள் எங்கே வந்தார்கள். குறை சொல்லவில்லை, வர முடியாது, ஒரு வார்டு முழுக்க இரண்டு பெண்கள், அதில் ஒன்று எப்போதும் கம்ப்யூட்டர் முன்னால், செய்ததையும் செய்யாததையும் ஏற்றிக்கொண்டிருக்கும். குறை சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டே குறைதான் சொல்கிறேன். மூக்குக் குழாயில் பால் ஊற்றக் கற்றுக்கொடுத்தது பிலோமினா சிஸ்டர், ரிட்டயராகிப் போய்விட்டது. நல்ல மனுஷி, வாய்தான் தீ. ஓடிக்கொண்டே சொல்லிக்கொடுத்தது. “மாசிலாமணி, இங்க பாரு, இழு, தள்ளு, ஊத்து. மறக்காத. இழு, தள்ளு, ஊத்து.” காலி சிரிஞ்சை மாட்டி இழுத்தால் மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீர் வரும், அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம் பால். ஏன் இழுக்கிறோம் என்று நான் கேட்கவில்லை, அது சொல்லவில்லை. நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். சிரிஞ்சின் ரப்பர் இறுகிக் கிடக்கும், ஒரு தடவை இழுத்துத் தள்ளினால் இளகிவிடும் என்று. அடிபம்பை முதலில் ரெண்டு அடி சும்மா அடிக்கிறோமே, அந்த மாதிரி. பன்னிரண்டு வருஷமாக இழுத்தேன், தள்ளினேன், ஊற்றினேன். எத்தனை மூக்கு, எத்தனை குழாய். ஒருத்தரும் என் கையில் ஒரு தும்மல் தும்மியதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். புதிதாக வரும் சின்ன நர்ஸ்களின் கை நடுங்கும், என் கை நடுங்காது. வீட்டில் என் சம்சாரம், “ஆஸ்பத்திரியில என்னதான் செய்றீங்க” என்று கேட்கும்போது கூட்டுவதைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

அந்தக் கர்வம்தான் இன்றைக்குக் காலையில் வாயைத் திறந்து பாடம் நடத்தியது. இல்லை, கர்வம் இல்லை, அவசரம். ஒன்பதாம் பெட் அம்மா படுக்கையிலேயே வெளிக்குப் போய்விட்டது, நாற்றம் வார்டு முழுக்க, டியூட்டி மாறுவதற்குள் மாற்றியாக வேண்டும். எமர்ஜென்சியிலிருந்து ஒரு பையன் தலையில் கட்டோடு வந்து இறங்குகிறான், ஜெசிந்தா சிஸ்டர் அவனுக்கு ஊசி போட நரம்பு தேடிக்கொண்டே தலையைத் திருப்பாமல் சொன்னது, “மாசி அண்ணே, பதினாலுக்கு ஃபீட் குடுத்திடுங்களேன்.” நான் பால் டம்ளரோடு பதினாலுக்குப் போனேன். இந்தப் பெண் அங்கே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தது. கிழவருடைய மூக்குப் பிளாஸ்திரி பாதி அவிழ்ந்து தொங்கியது, ராத்திரி சொறிந்திருப்பார், ஒரு கைதானே விளங்கும், அந்தக் கை சும்மா இருக்காது. நான் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினேன். குழாய் வெளியே கொஞ்சம் நீளமாகத் தெரிந்ததோ. தெரிந்தது. தெரிந்தது என்று இப்போது சொல்கிறேன், அப்போது தெரிந்ததா. இந்தப் பெண் கேட்டது, “அண்ணே, வீட்டுக்குப் போனா இதெல்லாம் நாந்தானே பாக்கணும், எனக்குச் சொல்லித் தருவீங்களா.” ஒன்பதாம் பெட் அம்மா அங்கிருந்து “யப்பா, யப்பா” என்கிறது. சரி, பிடி பாப்பா என்று கொடுத்துவிட்டேன். பக்கத்தில் நின்று நான் சொல்லச் சொல்ல அது செய்தது. நன்றாகத்தான் செய்தது. இடது கையில் பிடித்து, கண் இமைக்காமல், பால் கோடாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, “நீங்க டாக்டருக்குப் படிச்சிட்டு இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டீங்களாண்ணே” என்றது. சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நான் ஒன்பதாம் பெட்டுக்கு நடந்துவிட்டேன். “கொஞ்சம் பாத்துக்கம்மா, இதோ வந்திடுறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் வாயிலிருந்தும் அதேதான் வந்தது, அச்சு மாறாமல். இழுப்பதை ஏன் விட்டேன். என் கையால் செய்யும்போது கை தானாக இழுக்கும், யோசிக்காது. வாயால் சொல்லும்போது எது தேவை எது தேவையில்லை என்று வாய் பொறுக்குகிறது. புதுச் சிரிஞ்சு, ரப்பர் இளகித்தான் இருக்கும், எதற்கு இழுப்பது என்று வாய் அதைத் தள்ளிவிட்டது.

அப்புறம் இருமல். இருமல் என்று சொல்ல முடியாது, தண்ணீருக்குள் முங்கினவன் பேச முயன்ற மாதிரி ஒரு சத்தம். நான் ஒன்பதாம் பெட் திரைக்குள்ளிருந்து கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தேன். கிழவர் உதடு நாவல்பழம். அந்தப் பெண் சிரிஞ்சை இன்னும் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றது, நான் சொன்ன மாதிரியே, இறக்காமல். ஜெசிந்தா சிஸ்டர் வந்தது, டியூட்டி டாக்டர் வந்தார், சளி மிஷினைப் போட்டு இழுத்தார்கள், வெள்ளையாக வந்தது. வெள்ளையாக வந்ததைப் பார்த்ததும் டாக்டர் கேட்டார், நின்ற யாரையும் பார்க்காமல், “டியூப் வயித்துலதான் இருக்கான்னு இழுத்துப் பாத்தீங்களா இல்லையா.” அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. சின்னப் பையன் அந்த டாக்டர், மீசைகூடச் சரியாக வரவில்லை, அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். வயிற்றில்தான் இருக்கா என்று பார்க்க. அந்த மஞ்சள் தண்ணீர் வயிற்றுத் தண்ணீர். வந்தால் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, வராவிட்டால் ஊற்றாதே. பிலோமினா சிஸ்டர், ஒரு வார்த்தை, ஓடிக்கொண்டேயாவது, இதற்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ ஏன் கேட்கவில்லை என்று அது கேட்டால் என்ன சொல்வேன். கேட்டால் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்று பயம், அதுதான். தெரியாது என்று தெரிந்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். அப்படியானால் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இழுத்தும் தண்ணீர் வராத நாள் ஒன்றுகூட இல்லையா. இருந்தது. ரப்பர் இளகிவிட்டது போதும் என்று ஊற்றியிருக்கிறேன். ஊற்றி, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லையா, அல்லது நான் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகு ஆனதா. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, வயசாகிவிட்டது என்று எத்தனை பேரைக் கீழே இறக்கியிருக்கிறேன். அந்த முகங்களை இப்போது வரிசையாகக் கூப்பிட்டால் வருகிறார்கள், வந்து என் கையைப் பார்க்கிறார்கள். வேண்டாம், போங்கள். விரலிடுக்கில் பால் காய்ந்து இழுக்கிறது. கழுவினேன், இரண்டு தடவை கழுவினேன், இன்னும் இழுக்கிறது.

“அண்ணே.” அந்தக் கோடியிலிருந்து. “மாமா கண்ணு முழிச்சிருப்பாங்களா. மேல விடமாட்டேங்குறாங்க.” பாப்போம்மா என்றேன். அது போனை மடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. போன் நிமிஷத்துக்கு ஒரு தடவை நடுங்குகிறது, இவள் எடுக்கவில்லை. “எங்க நாத்தனா” என்றது, நான் கேட்காமலே. “காலையில நாந்தான் போன் பண்ணிச் சொன்னேன். பால் இறங்கிக்கிட்டிருக்கறப்பவே ஸ்பீக்கர்ல போட்டு, அண்ணி, நானே குடுக்கறேன், கத்துக்கிட்டேன்னு. எப்பவும் சொல்லுவாங்க, எங்கப்பாவுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கத் துப்பில்லாதவன்னு. அதான் சொன்னேன். இருமுனதும் போனுல கேட்டிருச்சு அவங்களுக்கு.” சேலை முந்தியை விரலில் சுற்றி அவிழ்த்துச் சுற்றுகிறது. எந்த ஊர் என்று முதல்நாளே சொன்னது, ஒரத்தநாடு பக்கம். எனக்கு அந்த வீடு தெரியாது, ஆனால் தெரியும். உயிர் இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு ஒவ்வொருத்தராக வந்து வாயில் பால் ஊற்றுவார்களே, பெற்ற பிள்ளை, பேரன், பங்காளி என்று, தொண்டை கொளகொளக்கும், நின்றுவிடும், அதை யாரும் கொலை என்று சொல்வதில்லை, நல்ல சாவு என்பார்கள். இவள் ஊற்றினதை அப்படிச் சொல்லமாட்டார்கள். கிழவர் போய்விட்டால் கருமாதிப் பந்தலிலேயே ஆரம்பிக்கும். குழம்பில் உப்புக் கூடினால் அதைச் சொல்வார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதைச் சொல்வார்கள், இவள் கையால் ஒரு டம்ளர் பால் ஆற்றி வைத்தால் எடுக்காமல் பார்ப்பார்கள். இவளும் அதை நம்பிவிடுவாள், அதுதான். நான் தப்பாக ஊற்றிவிட்டேன் என்று, கிழவியாகிச் சாகிறவரைக்கும், பால் காய்ச்சும்போதெல்லாம். தப்பாக ஊற்றவில்லை. ஒரு பிசகும் இல்லாமல் ஊற்றியது. அதைத் தெரிந்தவன் இந்தப் பெஞ்சில் நான் ஒருத்தன்தான். சொன்னால் ஏஜென்சி என்னை இன்றைக்கே அனுப்பும், போலீஸ் என்றுகூடப் பேசுவார்கள். இந்த வயதில் கையில் இந்த வித்தையை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது. வித்தையாம். ரப்பர் இளக்குகிறவன்.

மேட்ரன் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து ஜெசிந்தா சிஸ்டர் வெளியே வந்தது. கண் சிவந்திருந்தது. என்னைக் கையால் கூப்பிட்டுத் தண்ணீர்க் கேன் பக்கம் கூட்டிப்போனது. நல்ல பெண். உப்புமா கொண்டுவந்தால் டப்பா மூடியில் எனக்குப் பாதி வைக்கும். குவைத்தில் நர்ஸ் வேலைக்குப் பரீட்சையெல்லாம் எழுதிப் பாஸாகி டிக்கெட்டுக்குக் காத்திருக்கிறது, இப்போது பெயரில் ஒரு விசாரணை வந்தால் அதோடு சரி. “போயிட்டாரு அண்ணே” என்றது. “பத்து நிமிஷம் ஆச்சு. டாக்டர் இன்னும் சொல்லல.” நான் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ குழாயைச் சரியாக மூடவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது, கை நீட்டி மூடினேன். “உள்ள என்ன சொல்லிருக்கேன்னா, வீட்டு ஆளுங்களே யாருகிட்டயும் கேக்காம குடுத்துட்டாங்கன்னு. உங்க பேரு வரல. என் பேரும் வரல. நீங்க வாயத் திறக்காதீங்க, என்ன.” “அந்தப் பொண்ணு, சிஸ்டர்” என்றேன். “அதுக்கு என்னண்ணே, அதுக்கு வேலையா போகப்போகுது. ஸ்டாஃபுன்னா கேஸு, வீட்டு ஆளுன்னா விதின்னு விட்ருவாங்க.” சொல்லிவிட்டு அதுவே வேறு பக்கம் பார்த்தது. “நான் ஊசி போட்டுக்கிட்டிருந்தேன்ல. எனக்கு என்ன நாலு கையா. உங்ககிட்டதான குடுத்தேன், நீங்க பாத்துக்குவீங்கன்னு.” ஆமாம் சிஸ்டர் என்றேன். “இன்னொண்ணு” என்றது, “டாக்டர் கூப்பிட்டுச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க அந்தப் பொண்ணுகிட்ட பக்குவமாச் சொல்லி வெச்சிடுங்க. எனக்கு அதோட மூஞ்சியப் பாக்க முடியல. உங்களுக்குத்தான் இதெல்லாம் வரும்.” வரும். எனக்குத்தான் எல்லாம் வரும். வாந்தி, மலம், சளி, செத்த சேதி, எல்லாம் சரிவில் தண்ணீர் மாதிரி என் பக்கம்தான் வரும். இதையாவது நீங்க பாத்துக்கோங்க சிஸ்டர் என்று வாய் வரைக்கும் வந்த வார்த்தையைக் கடித்துக்கொண்டேன். அந்த வார்த்தையை இன்றைக்குக் காலையில் நான் கீழே தள்ளிவிட்டதும் அந்தப் பெண்ணிடம்தானே. எனக்குக் கீழே ஒரு ஆள் கிடைத்ததும் எவ்வளவு சுகமாக நடந்து போனேன். சிரித்துக்கொண்டு வேறு.

நடுவில் கிடந்த காலி இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பார்த்ததும் தெரிந்துவிட்டது, சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சொன்னேன். அழவில்லை. போன் மடியில் நடுங்கி நின்றது. “நீங்க சொன்ன மாதிரிதானண்ணே ஊத்துனேன்” என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, பரீட்சை எழுதிவிட்டு வந்து கேட்கிற பிள்ளையின் குரல். ஆமாம்மா, நான் சொன்ன மாதிரிதான் ஊத்துன, என்றேன். போனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “அதை எங்க வீட்டு ஆளுங்ககிட்டயும் சொல்லிடுறீங்களா. நான் சொன்னா ஏறாது” என்றாள். அவள் புருஷன் படியேறி வந்துகொண்டிருந்தான், ராஜ்மோகன், அறுவடை மிஷின் ஓட்டுகிறவன், கையில் டீ வாங்கிய ஃபிளாஸ்க், இன்னொரு கையில் போன், அதில் அவன் அக்கா குரல் கீச்சென்று இங்கே வரைக்கும் கேட்டது. என் முகத்தைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, போனை அணைத்தான். “அப்பா தவறிட்டாரு தம்பி” என்றேன். அவன் ஃபிளாஸ்க்கைப் பெஞ்சில் வைத்தான், விழாமல் நேராக நிற்கிறதா என்று பார்த்து வைத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல், “என்னடி பண்ணி வெச்ச” என்றான். அந்தச் சத்தமின்மைதான் என்னை எழுப்பிவிட்டது. கத்தியிருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன். “அது ஒண்ணும் பண்ணல. நான் சொல்லிக்குடுத்தபடிதான் ஊத்துச்சு. ஊத்துறதுக்கு முன்னாடி இழுத்துப் பாக்கணும், குழாய் வயித்துல இருக்கான்னு. அதை நான் சொல்லல. விட்டுட்டேன். குழாய் நகந்திருக்கான்னு பாக்காம பிளாஸ்திரிய ஒட்டினதும் நாந்தான்.” சொல்லி முடித்ததும் சொன்னது நானா என்று இருந்தது. அவன் என் சட்டைப் பையைப் பார்த்தான். நூலில் தைத்திருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி பார்த்தான். “கூட்டுற ஆளு நீ” என்றான். “உன்னை யாருய்யா இதைச் செய்யச் சொன்னது.” மேட்ரன் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேட்ரன் அம்மாவின் மூக்குக்கண்ணாடி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது, கதவை ஒட்டி ஜெசிந்தா சிஸ்டர், கழுத்தில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு. பெயர் நாக்கில் இருந்தது. மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ, துப்பினால் போதும், எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும், அங்கிருந்து இன்னொரு படி ஏறுமோ என்னவோ, நான் சொன்னதைச் செய்த வெறும் கையாகிவிடுவேன். சொன்னதைச் செய்த கை. பன்னிரண்டு வருஷம் நடுங்காத கை. அதை அப்படி விட்டுக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. இவ்வளவு நாள் யாரும் என் வேலை என்று ஒத்துக்கொள்ளாத ஒன்றை, ஒரு ஆளைக் கொன்ற பிறகாவது, என்னுடையது என்று சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. “யாரும் சொல்லல தம்பி” என்றேன். “அது என் வேலை.” கதவுப் பக்கம் ஜெசிந்தா சிஸ்டர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.